வாறுகாலில் தொடங்கும் குடிநீர்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடும் ஆறு கிடையாது. வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கௌசிகா ஆறும் மழைக்காலத்தில் சில வாரங்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மற்ற நாள்களில் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடப்பவை. ஆனாலும் விருதுநகரை ஒட்டி வரும் கௌசிகாவில் கோடையிலும் ஓட்டம் உண்டு. ஓடுவது நகரத்தின் கழிவுநீர். அது கீழே குல்லூர்சந்தை அணையில் போய்ச் சேர்கிறது. உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கு இது ஆண்டுக்கணக்கில் பழகிப்போன புகார்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 72,000. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. கொடுத்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்பதும் அவர்களின் வழக்கமான கணக்கு. பெருக்கினால் நாளுக்கு 78 லட்சம் லிட்டர் வருகிறது. முழு அளவு தண்ணீர் கிடைக்காத ஊரில் உண்மை அளவு இதற்குக் கீழேதான் இருக்கும். என்றாலும் மழையை நம்பாத, தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும் நீர் இந்த மாவட்டத்தில் இது ஒன்றுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிக் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் 2013 முதல் இயங்கும் ஓர் ஆலை, நாளுக்கு ஏறக்குறைய 76 லட்சம் லிட்டர் கழிவுநீரைக் குடிநீர் தரத்துக்குக் கொண்டுவருமாறு கட்டப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்திலுள்ள போஃபர்ட் வெஸ்ட் என்ற சிறு நகராட்சி, 2011 முதல் நாளுக்குச் சுமார் 20 லட்சம் லிட்டரை அப்படி மாற்றியது. ஆக, அளவில் விருதுநகர் இந்த வேலைக்குச் சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல. இம்மாவட்டத்தில் இன்று அப்படியோர் ஆலை இல்லை. இங்கே அது சாத்தியமா, சாத்தியமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வறட்சி தந்த தொழிலும் தராத தண்ணீரும்

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசு லேபிளிலிருந்து அச்சகம் என்று அது விரிந்தது. குச்சியும் மருந்தும் காய்வதற்கு வெயிலும் ஈரமற்ற காற்றும் வேண்டும். விவசாயத்தைக் கைவிட்ட வானம் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது.

தண்ணீருக்கு ஊர் வெளியே போக வேண்டியிருந்தது. சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையும், மானூரிலிருந்து வரும் தாமிரபரணி நீரும். விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணைப் பகுதியும், தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும். ஒண்டிப்புலிக் கல்குவாரியில் தேங்கும் நீரைக்கூட நகராட்சி எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. குழாயில் நல்ல தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும். புழங்குவதற்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் லாரியும், குடமும், ஆர்.ஓ. தண்ணீர்க் கேனும்.

மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஆவியாகிப்போவது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் பெரும்பகுதி கரிசல். நனைந்தவுடன் உப்பி இறுகி நீரைக் கீழே விடாத மண். அடியில் கடும்பாறை. சென்னைக் கடற்கரை மணலில் செய்வதுபோல் குளத்தில் நீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்கிவிடலாம் என்ற யோசனை இங்கே எல்லா இடத்திலும் பலிக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கச் செம்மண்ணில் ஓரளவு பலிக்கும்.

செய்து பார்த்தவர்கள்

கழிவுநீரைக் குடிநீராக்குவதற்கு நவீன வரலாற்றில் முதல் பாடம் ஒரு சிறிய ஊரிலிருந்துதான் கிடைத்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துச் சனூட் நகரத்தில் 1956-இல் நியோஷோ ஆறு வறண்டது. சாக்கடை நிலையத்துக்குக் கீழே ஆற்றை மறித்து, அந்த நீரையே நகரின் குடிநீர் நிலையத்துக்குத் திருப்பினார்கள். ஐந்து மாதம் அதே நீர் ஊரைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. குளோரின் கிருமியைக் கட்டுப்படுத்தியது. நோய் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் நீர் வெளிர்மஞ்சளானது, குலுக்கினால் நுரைத்தது. மக்கள் புட்டி நீரை வாங்கிக் குடித்தார்கள். கிருமியைக் கொன்றால் போதாது, கரைந்திருப்பதையும் எடுக்க வேண்டும் என்பதைச் சனூட் காட்டியது.

நமீபியாவின் தலைநகர் விந்துக் 1968-இல் இதை நிரந்தர ஏற்பாடாக்கியது. அருகில் வற்றாத ஆறு இல்லாத, பாலைவனத்தை ஒட்டிய நகரம் அது. 2002-இல் புதிய ஆலை வந்தது. அதன் திறன் நாளுக்கு 2.1 கோடி லிட்டர். ஓசோன், உயிரியல் கரிப்படுகை, கிளர்வூட்டிய கரி, நுண்சவ்வு, குளோரின் என்று அடுக்கடுக்காக வைத்துச் செய்கிறார்கள். எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது நாம் ஆர்.ஓ. என்று சொல்வது, அங்கே இல்லை. அரை நூற்றாண்டைத் தாண்டி நடக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவோர் கருவிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். ஆலைக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான் அதைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்: தொழிற்சாலைக் கழிவுநீருக்குத் தனிக்குழாய், தனி நிலையம். குடிநீராகப்போகும் நீர் வீடுகளிலிருந்து வருவது மட்டுமே.

போஃபர்ட் வெஸ்ட் 2010 வறட்சியில் வேறு வழியில்லாமல் இதில் இறங்கியது. மணல் வடிகட்டி, நுண்சவ்வு, ஆர்.ஓ., ஹைட்ரஜன் பெராக்சைடுடன் புறஊதாக் கதிர், பிறகு குளோரின். கடைசியில் மற்ற நீரோடு கலந்து விநியோகம். சிறு நகராட்சியின் ஆள்பலம் போதாது என்பதால், கட்டிய நிறுவனமே நீண்ட கால ஒப்பந்தத்தில் ஆலையை இயக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் 2014 ஜூலையிலிருந்து ஓராண்டு கழிவுநீரை நேராகக் குடிநீர் நிலையத்துக்குக் கொண்டுபோனது. மழை வந்ததும் அதை நிறுத்தி, அதே நீரை ஏரியில் விட்டு ஏரியிலிருந்து எடுக்கும் முறைக்கு மாறிக்கொண்டது. அவசரத்துக்கு நேர்வழி, நிரந்தரத்துக்கு ஏரிவழி என்று அந்த ஊர் முடிவு செய்ததில் நமக்குக் கவனிக்க ஒன்று உண்டு. ஏரி, தவறு நேர்ந்தால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கால அவகாசம் தருகிறது.

ஆலைக்குள் என்ன நடக்கிறது

ஒரே கருவி எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. சாதாரணச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியா அழுக்கைத் தின்று சேறாக அடங்குகிறது. வெளிவரும் நீர் பார்வைக்குத் தெளிவானது. கிருமி, உப்பு, மருந்து எச்சம், நைட்ரேட் எல்லாம் அதில் இருக்கும். நுண்சவ்வு பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் தடுக்கும், கரைந்த உப்பை விட்டுவிடும். ஆர்.ஓ. உப்பையும் பெரும்பாலான வேதிப்பொருள்களையும் தடுக்கும், மிகச் சிறிய சில மூலக்கூறுகள் நழுவிவிடும். அவற்றைப் புறஊதாக் கதிரும் பெராக்சைடும் சேர்ந்து உடைக்கும். கரிப்படுகை கரிமப் பொருளை ஈர்த்துக்கொள்ளும், உப்பைத் தொடாது.

இந்த அடுக்குகளின் சேர்க்கை எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்குக் கலிஃபோர்னியா ஓர் அளவு வைத்தது. கழிவுநீரை நிலத்தடியில் செலுத்திப் பிறகு குடிநீராக எடுப்பதானால், சாக்கடையில் இருந்த வைரஸில் லட்சம் கோடியில் ஒன்றுதான் மிஞ்சலாம். இடையில் நிலமோ ஏரியோ இல்லாமல் நேரே குழாய்க்குக் கொண்டுபோகும் முறைக்கு 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதைவிடப் பல கோடி மடங்கு கடுமையானவை. உலகச் சுகாதார நிறுவனமும் 2017-இல் இதற்கென்றே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது. கிருமியைப் பொறுத்தவரை அறிவியல் கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. எந்தச் சிறு நகரமும் பணமும் ஒழுங்கும் இருந்தால் இதைச் செய்யலாம்.

வேதிப்பொருளைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. எந்த வேதிப்பொருள் வருகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை ஆலையை விற்க வருபவர் சொல்ல மாட்டார். ஊர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிவகாசியின் பெர்குளோரேட்

2013-இல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு சிவகாசிக்கும் மதுரைக்கும் வந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தது. அவர்கள் தேடியது பெர்குளோரேட். பட்டாசு மருந்தில் ஆக்சிஜன் தருவதற்குச் சேர்க்கப்படும் உப்பு வகைகளில் ஒன்று அது. தீப்பெட்டியில் பயன்படும் குளோரேட்டுக்கு நெருங்கிய உறவு. மொத்தம் 60 நிலத்தடி நீர் மாதிரிகள். சிவகாசிப் பகுதியின் 57 மாதிரிகளில் 17-இல் பெர்குளோரேட், லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது வைத்திருந்த வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. உச்ச அளவு 7,690. உலகச் சுகாதார நிறுவனத்தின் தாராளமான அளவான 70-ஐ வைத்துப் பார்த்தாலும் அது நூறு மடங்குக்கு மேல். மதுரையில் எந்த மாதிரியும் வரம்பைத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள இடங்களில்தான் அளவு கூடியிருந்தது என்பதால், பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே மூலம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். சோதித்த மூன்று குழாய் நீர் மாதிரிகளிலும் அளவு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தது என்பது ஆறுதலான செய்தி.

பெர்குளோரேட்டின் குணம் தண்ணீர் நிர்வாகத்துக்கு நேர் எதிரானது. நீரில் எளிதாகக் கரையும். மண்ணில் ஒட்டாது. தானாகச் சிதையாது. நிறமும் மணமும் இல்லை. கொதிக்கவைத்தால் நீர் சுண்டுமே தவிர அது போகாது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. உடலில் தைராய்டு சுரப்பி அயோடினை உள்வாங்கும் வாசலில் இது போய் நின்றுகொள்கிறது. நீண்ட நாள், அதிக அளவில், அயோடின் குறைந்த உடலில் சேர்ந்தால் ஹார்மோன் உற்பத்தி குறையலாம். அதிகம் கவலைப்பட வேண்டியது கருவிலிருக்கும் குழந்தைகளையும் கைக்குழந்தைகளையும் பற்றித்தான். பட்டாசுத் தொழிலாளரில் பெண்கள் பெரும் பங்கினர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன் 2012 பட்டியலில் பெர்குளோரேட்டுக்கு வரம்பு இல்லை. பட்டியலில் இல்லாததால் வழக்கமான குடிநீர்ச் சோதனையிலும் அது வராது. பட்டாசில் சேரும் பேரியத்துக்கு அதே பட்டியலில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புகளுக்குத் தடை விதித்தது. அது டெல்லியின் காற்றை முன்வைத்து எழுந்த வழக்கு. சிவகாசியின் கிணறுகள் அதில் வாதியாக இல்லை.

இப்போது கழிவுநீருக்குத் திரும்புவோம். பட்டாசு ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் சிறு அறைகளாக இருக்கின்றன. விபத்துப் பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்க வேண்டும். எனவே ஆலைக் கழிவு நேராக நகரச் சாக்கடைக்கு வராது என்று வாதிடலாம். பாதி சரி. மருந்து படிந்த உடை வீட்டில் துவைக்கப்படுகிறது. அறை கழுவிய நீரும் கழித்த மருந்தும் மழையில் கரைந்து ஓடையில் இறங்குகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் எடுத்த நீர் புழங்கி முடித்ததும் வாறுகாலுக்கு, அதாவது தெருச் சாக்கடைக்குத்தான் வருகிறது. கிணற்றில் இருந்தது எல்லாம் அதனோடு வரும். செப்டிக் டேங்க் லாரி எங்கே ஏற்றி எங்கே இறக்குகிறது என்பது இன்னொரு வழி. இவற்றோடு அச்சகங்களின் மையும் தட்டுக் கழுவும் திரவங்களும். 2021-இல் திருத்தங்கல்லையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியான சிவகாசியின் கழிவுநீர், வீட்டுக் கழிவுநீர் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல.

உப்பு எங்கே போகும்?

பெர்குளோரேட்டை ஆர்.ஓ. பெருமளவு தடுக்கும். விந்துக் பாணிக் கரிப்படுகைகளை நம்பி அதை எடுக்க முடியாது. அப்படியானால் இங்கே ஆர்.ஓ. வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் அடுத்த சிக்கல்.

ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. நூறு லிட்டரில் எண்பதை நல்ல நீராக எடுத்தால், மீதி இருபதில் எல்லா உப்பும் ஐந்து மடங்கு செறிவோடு நிற்கும். கடலோரச் சென்னையில் இதற்கு ஏதோ ஒரு வழி பிறக்கும். பிக் ஸ்பிரிங்குக்கு ஏற்கெனவே உப்பேறிய ஓடை ஒன்று அருகில் இருந்தது. விருதுநகருக்கோ சிவகாசிக்கோ அப்படி எதுவும் இல்லை. வைப்பாற்றில் விட்டால் சாத்தூருக்கும் அதற்குக் கீழுள்ள ஊர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆவியாக்கும் குளம் வெட்டலாம். வெயில் இங்கே இலவசம். மழையைக் கழித்து, நிகரமாக நாளுக்கு 3 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வோம். 78 லட்சம் லிட்டரையும் ஆர்.ஓ.வில் விட்டால் மிஞ்சும் உப்புநீர் நாளுக்கு 15 லட்சம் லிட்டருக்கு மேல். அதை ஆவியாக்கச் சுமார் 128 ஏக்கர் குளம் தேவைப்படும். போஃபர்ட் வெஸ்ட் அளவில் 20 லட்சம் லிட்டரை மட்டும் எடுத்தால் 33 ஏக்கர் போதும். அடியில் கசியாத விரிப்பு, ஆண்டுதோறும் அள்ளும் உப்புக்கு ஓர் இடம், பெருமழையில் நிரம்பி வழியாத கரை எல்லாம் வேண்டும். திருப்பூர் சாயத் தொழில் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகே, கழிவை வெளியே விடாமல் உப்புவரை பிரித்தெடுக்கும் முறை அங்கே கட்டாயமாக வேரூன்றியது. அங்கே செலவைத் தாங்க ஓர் ஏற்றுமதித் தொழில் இருந்தது. நகராட்சிக்கு இருப்பது குடிநீர்க் கட்டணம்.

பெர்குளோரேட் கலந்த உப்புநீர் குளத்தில் கசிந்தால், நாம் கிணற்றிலிருந்து எடுத்த நஞ்சை ஐந்து மடங்காக்கி நிலத்துக்கே திருப்பித் தந்தவர்களாவோம். நல்ல வேளையாக இந்த உப்பை அழிக்கவும் ஒரு வழி உண்டு. காற்றில்லாத சூழலில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் பெர்குளோரேட்டைப் பயன்படுத்தி அதைச் சாதாரணக் குளோரைடாக மாற்றிவிடும். நைட்ரேட்டை முதலில் தின்று தீர்த்த பிறகே பெரும்பாலும் இதில் கைவைக்கும். உணவாகக் கொஞ்சம் கரிமப் பொருள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நிலத்தடி நீரைச் சரிசெய்ய இந்த முறை பயன்பட்டிருக்கிறது. ஆலைகள் கூடியிருக்கும் இடத்தில், கழிவு செறிவாகவும் குறைந்த அளவிலும் இருக்கும்போதே இதைச் செய்வது எளிது. ஊர்ச் சாக்கடையில் கலந்து கோடி லிட்டரில் நீர்த்துப்போன பிறகு பிடிப்பது கடினம், செலவும் அதிகம்.

அண்டை அனுபவங்கள்

தமிழ்நாட்டுக்குக் கழிவுநீர் மறுபயன்பாடு புதியதல்ல. மணலியின் பெருந்தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே சென்னைச் சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் தொழிற்சாலைகளுக்காகத் திறக்கப்பட்டன. நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் தலா ஒரு கோடி லிட்டரை உயர்தரமாகச் சுத்திகரித்து, போரூர், பெருங்குடி ஏரிகளில் விட்டு, அங்கிருந்து எடுத்துக் குடிநீராக்கும் திட்டத்தையும் சென்னைக் குடிநீர் வாரியம் தீட்டியது. தொழிலுக்கு நேரே, மக்களுக்கு ஏரி வழியாக என்பது சென்னை கண்ட பாதை.

கர்நாடகத்தில் இரண்டு பாதைகள் தெரிகின்றன. பெங்களூருவின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளுக்கு 44 கோடி லிட்டரை வறண்ட கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2018-இல் தொடங்கியது. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டுமே. சில வாரங்களிலேயே ஏரியில் நுரை எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கிணறுகளில் நீர் ஏறியது என்ற மகிழ்ச்சியும், அந்த நீரில் என்ன இருக்கிறது என்ற ஐயமும் இன்றும் அங்கே அருகருகே வாழ்கின்றன. மறுபக்கம், விமான நிலையத்தை ஒட்டிய தேவனஹள்ளிச் சிறு நகராட்சி. அங்கே சுத்திகரித்த நீர் ஏரியில் விடப்பட்டு, ஏரியோரக் கிணறுகளில் ஊறியதை எடுத்து, மீண்டும் சிறு ஆலையில் சுத்திகரித்து ஊருக்குத் தருகிறார்கள். பெங்களூருவின் பயோம் அறக்கட்டளை இதில் நகராட்சியுடன் நின்றது. விருதுநகர் படிக்க வேண்டிய பாடநூல் சிங்கப்பூரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் திட்டமான நியூவாட்டரைவிடத் தேவனஹள்ளிதான். ஊர் சிறியது, பணம் குறைவு, ஏரி நம் கண்மாய் போன்றது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கரிசலில் கிணறு ஊறாது. எனவே இங்கே மண் செய்யும் வடிகட்டலை அணையின் கொள்ளளவும், நீர் தேங்கும் காலமும், கரைக்கு மேலே வைக்கும் ஆலையும் ஈடுசெய்ய வேண்டும். கைவிடப்பட்ட கல்குவாரிகள் பாறைக்குழிகள் என்பதால் இதற்கு ஏற்ற இடைத் தொட்டிகளாகலாம். மேற்பரப்பு குறுகி ஆழம் கூடியிருப்பதால் ஆவியாதலும் குறையும்.

ஆளும் நம்பிக்கையும்

சிறு நகராட்சியில் தண்ணீர்த் துறை என்பது ஒரு பொறியாளர், சில ஃபிட்டர்கள், வால்வு திறப்பவர்கள், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பொறியாளர் மாற்றலாகிப் போவார். வால்வு திறப்பவருக்குத்தான் ஊரின் குழாய்கள் மனப்பாடம். குடிநீராகும் கழிவுநீர் ஆலைக்கு, இரவு இரண்டு மணிக்குச் சவ்வின் கடத்துதிறன் ஏறினால் அதைக் கவனித்து, யாரையும் கேட்காமல் நீரை நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும். கலங்கல், குளோரின், கரிமப் பொருளின் அளவு போன்றவற்றை நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் கருவிகள் இருக்கின்றன. பெர்குளோரேட்டை அப்படிக் காட்டும் எளிய கருவி இல்லை. மாதிரியை நல்ல ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாள்களில் ஊர் குடித்து முடித்துவிடும். ஆலையின் கடைசிக் கருவியில் வைக்கும் நம்பிக்கையை வாறுகாலின் முதல் அடிக்கு மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மக்கள் ஏற்பார்களா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தைக் காட்டுவார்கள். 2006 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அருவருப்பு வென்றது என்று அதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. திட்டம் முழுவதும் தயாரான பிறகுதான் ஊரிடம் சம்மதம் கேட்கப்பட்டது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. யார் எந்தக் கிணற்றில் நீர் இறைக்கலாம் என்று சாதி கட்டளையிட்ட நாடு இது. சாக்கடைக்குள் யார் இறங்குவது என்பதை இன்றும் சாதி தீர்மானிக்கிறது. மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013 சட்டம் தடுத்த பிறகும் சாவுகள் நின்றபாடில்லை. கழிவுநீரைக் குடிநீராக்கும் நகராட்சி, அந்தக் குழாய்க்குள் மனிதரை இறக்காத நகராட்சியாகவும் இருந்தாக வேண்டும். அதைச் செய்யாமல் தூய்மை பற்றி மக்களிடம் பேச அதற்குத் தகுதி இருக்காது.

வரிசை

ஆகவே இந்த மாவட்டத்துக்கு ஒரு வரிசையைச் சொல்லலாம். விருதுநகர் முதலில், சிவகாசி பின்னர்.

விருதுநகர் வணிக நகரம். பருப்பு, எண்ணெய், மிளகாய்வற்றல் வியாபாரம். சிவகாசியோடு ஒப்பிட்டால் அதன் சாக்கடையில் வேதிப்பொருள் ஐயம் குறைவு. கௌசிகாவில் இறங்கும் கழிவு முழுவதையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புவது முதல் படி. நைட்ரேட்டை நீக்கும் காற்றில்லாத் தொட்டியுடன் நிலையத்தை மேம்படுத்துவது இரண்டாவது. அந்த நீரைக் குல்லூர்சந்தையிலோ ஒரு குவாரியிலோ தேக்கி, இரண்டு கோடைகளும் இரண்டு மழைக்காலமும் அளந்து, முடிவுகளை நகராட்சிப் பலகையில் மக்கள் பார்வைக்கு வைப்பது மூன்றாவது. அதுவரை பாசனத்துக்கும் கட்டுமானத்துக்கும் தொழிலுக்கும் அந்த நீரைக் கொடுத்தால், அங்கே செலவாகும் நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும். ஆர்.ஓ.வும் புறஊதாவும் கடைசிப் படி. நாளுக்கு 20 லட்சம் லிட்டரில் தொடங்கி, கிடைக்கும் நீரைத் தாமிரபரணி நீரோடு கலந்து கொடுக்கலாம். இதை முழுமையாக முடிக்காவிட்டாலும் நட்டமில்லை. இடையில் எந்தப் படியில் நின்றாலும் கௌசிகா முன்பைவிடச் சுத்தமாக இருக்கும்.

சிவகாசியில் முதல் வேலை ஆலை கட்டுவது அல்ல. எந்த ஊரில், எந்த ஓடையில், எந்தக் கிணற்றில், எந்தப் பருவத்தில் எவ்வளவு பெர்குளோரேட் என்று ஒரு வரைபடம் வேண்டும். அந்த உப்புக்குத் தேசியத் தரப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். அறை கழுவும் நீரையும் கழித்த மருந்தையும் ஆலைகள் கூட்டாகச் சேர்த்துப் பாக்டீரியாத் தொட்டியில் அழிக்கும் ஏற்பாடு வேண்டும். உரிமம் தருவோர் வெடிவிபத்தைக் கேட்பதுபோல் தண்ணீரையும் கேட்க வேண்டும். இவை நடந்தால், பத்தாண்டில் சிவகாசியின் கழிவுநீரும் குடிநீர் பற்றிய பேச்சுக்குத் தகுதி பெறும்.

2013 ஆய்வில் குழாய் நீர் தப்பியது, வரம்பை மிக அதிகமாக மீறியது நிலத்தடி நீர். குழாய் வராத நாளில் மக்கள் போய் நிற்பது அந்த நிலத்தடி நீரிடம்தான். எனவே இந்த அளவீடும் ஒழுங்கும் கழிவுநீரை என்றோ ஒரு நாள் குடிக்கப்போகிறவர்களுக்காக மட்டும் கேட்கப்படுபவை அல்ல. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று ஆழ்துளைக் கிணற்றில் குடம் பிடிப்பவர்களுக்கு அவை ஏற்கெனவே தாமதம்.